மேன்பவர் கன்சல்டன்சி போடலாமா? ஓசூர் தம்பிக்கு பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில எச்ஆர்ல இருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு. சொந்தமா மேன்பவர் கன்சல்டன்சி போடணும்னு ரொம்ப நாளா யோசனை. கைல எட்டு லட்சம் இருக்கு, தேவைப்பட்டா வீட்ல நகைய வெச்சு இன்னொரு நாலு புரட்டலாம். தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு நாப்பது பேர் கான்ட்ராக்ட் குடுக்க ரெடி, 60 நாள் கிரெடிட் கேக்கறாங்க. ஃப்ரெண்ட் ஒருத்தன் கல்ஃபுக்கு ஆள் அனுப்பறதையும் சேர்த்து பண்ணுங்கிறான். ஆனா நௌக்ரி, அப்னான்னு வேலை தேடற ஆப்புங்க, இப்போ ஏஐ வேற, இந்த ஏஜென்சி தொழிலே இன்னும் அஞ்சு வருஷம் ஓடுமான்னு பயமா இருக்கு. வேலைய விடலாமா? பேரு கூட யோசிச்சு வெச்சிட்டேன், ஏதோ ஒரு "சொல்யூஷன்ஸ்" வர்ற மாதிரி. நல்லா இருக்குமா?

பதில்: தம்பி, உங்க பயம் எல்லாம் ஏஐ மேல இருக்கு, எனக்கு வயித்துல புளிய கரைச்சது அந்த "60 நாள் கிரெடிட்" தான். கான்ட்ராக்டர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ, லைசென்ஸ் எல்லாம் பைல் பண்ணி குடுக்கறது என் பொழப்பு, ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், உங்க ஓசூர்னு இந்த தொழில்ல இருக்கிறவங்க கணக்க உள்ள இருந்து பாக்கறவ நான், அதனால சொல்றேன், ஆள் கிடைக்காம கடைய மூடினவங்கள விட பில் பாஸ் ஆகாம மூடினவங்க தான் ஜாஸ்தி.

ஆள் தேவை இருக்குமாங்கிறத பத்தி கவலையே படாதீங்க, உங்க ஊருக்கு அது பிரச்சனையே இல்ல. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு பழைய கம்பெனிங்க ஒரு பக்கம், டாடா எலக்ட்ரானிக்ஸ் ஒரு பக்கம், போச்சம்பள்ளில ஓலா, அவங்களுக்கு பார்ட்ஸ் பண்ற சின்ன யூனிட்டுங்க எத்தனையோ. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல ஃபாக்ஸ்கான் பொண்ணுங்களுக்காகவே 18,720 பேர் தங்கற ஹாஸ்டல 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க, ஒரு ஊரே குடி வந்த மாதிரி, அவ்வளவு பேர தேடி கொண்டு வர யாரோ ஒருத்தர் வேணும் இல்லையா. ஐடி பக்கம் கதை வேற, டிசிஎஸ்ஸே 2025 ஜூலைல 12,000 பேருக்கு மேல குறைக்கப் போறோம்னு சொன்னாங்க, ஐடி ஆளுங்கள மட்டும் நம்பி ஓடின கன்சல்டன்சிங்க இப்போ மூச்சு வாங்கிட்டு இருக்கு. நீங்க அந்த பக்கம் போகப் போறதில்ல, அதனால அத விடுங்க.

இப்போ அந்த நாப்பது பேர் கணக்குக்கு வாங்க, பேப்பர் பேனா எடுத்துக்கங்க. ஒரு ஆளுக்கு மாச சம்பளம் 18,000னு வைங்க. பிஎஃப் 15,000 கணக்குல போட்டாலும் கம்பெனி பங்கு 12 சதவீதம், அதுக்கு மேல இன்சூரன்ஸ் அரை, அட்மின் சார்ஜ் அரை, மொத்தம் 13, அது 1,950. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 585. ஆக ஒரு ஆள் உங்களுக்கு 20,535 ஆகுது. இதுக்கு மேல உங்க சர்வீஸ் சார்ஜ் 1,000 வைப்பீங்க, அதுக்கே பர்ச்சேஸ் ஆபிசர் மூஞ்சிய சுளிப்பாரு, ஏன்னா ஆயிரக்கணக்குல ஆள் வெச்சிருக்கிற பெரிய ஸ்டாஃபிங் கம்பெனிங்க தலைக்கு ஆயிரத்துக்கும் கீழ தான் ஓட்டறாங்க. இந்த 21,535 மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜுக்கு மட்டும்னு நெனச்சு ரேட் பேசிட்டு அப்புறம் தலையில கை வெச்சவங்க இருக்காங்க, சம்பளத்தையும் சேர்த்து தான் ஜிஎஸ்டி. நாப்பது பேருக்கு பில் சுமார் 10 லட்சத்து 16 ஆயிரம் வரும். பாக்க நல்லா இருக்கும், முதல் பில்ல போட்டோ எடுத்து வாட்ஸப்ல எனக்கே அனுப்புவாங்க.

ஆனா காசு எப்போ வருது? ஏப்ரல் மாச வேலைக்கு மே 1 பில் போடறீங்க, 60 நாள்னா ஜூன் கடைசி. அதுக்குள்ள மே 7-ம் தேதி ஏப்ரல் சம்பளம் குடுத்தாகணும், 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ சலான் கட்டணும், ஜூன் 7 மே மாச சம்பளம், மறுபடி 15, அப்புறம் ஜூன் 20-ம் தேதி ஜிஎஸ்டி, கம்பெனி உங்களுக்கு இன்னும் ஒரு பைசா குடுக்கல ஆனா பில் போட்ட பாவத்துக்கு ஒண்ணரை லட்சத்துக்கு மேல நீங்க கட்டியாகணும். எல்லாம் கூட்டினா முதல் ரூபா உள்ள வர்றதுக்கு முன்னாடி 18 லட்சம் வெளிய போயிருக்கும். உங்க எட்டும் நகை நாலும் சேர்த்தா பன்னெண்டு. மீதி ஆற யாரு குடுப்பா, கந்துவட்டிக்காரன் தான் குடுப்பான். சரி எப்படியோ கிடைச்சுதுன்னே வைங்க, 18 லட்சத்துக்கு 14 சதவீத வட்டின்னா மாசம் 21,000. உங்க மொத்த சர்வீஸ் சார்ஜே 40,000. மீதி 19,000-ல கேட்ல நிக்கிற உங்க சூப்பர்வைசருக்கு சம்பளம், பெட்ரோல், என் ஃபீஸ். இதுல டிடிஎஸ்னு வருமான வரிய வேற முன்கூட்டியே புடிச்சிட்டு தான் குடுப்பாங்க, ப்ராப்ரைட்டரா இருந்தா ஒரு சதவீதம், அது ரிட்டர்ன் போட்டு அடுத்த வருஷம் ரீஃபண்டா வரும். 60 நாள்னு சொன்னவங்க 75 ஆக்கினா அவ்வளவு தான். இதுல நீங்க அந்த கம்பெனிக்கு ஆள் சப்ளை பண்ணல தம்பி, அந்த கம்பெனிக்கு வட்டி இல்லாம கடன் குடுக்கறீங்க.

இந்த தொழில்ல ரெண்டு மாதிரி இருக்கு, "கலெக்ட் அண்ட் பே", "பே அண்ட் கலெக்ட்". முதல்ல கம்பெனி காசு போடும், அப்புறம் நீங்க சம்பளம் போடுவீங்க. ரெண்டாவது உங்க தலையெழுத்து. பெரிய ஸ்டாஃபிங் கம்பெனிங்க முக்காவாசி கிளையண்ட முதல் மாதிரில தான் வெச்சிருக்காங்க, அவ்வளவு கம்மி மார்ஜின்ல அவங்க நிக்கறதே அதனால தான். சின்னவங்களுக்கு அது ஈசியா கிடைக்காது, ஆனா கேக்கவே கூடாதுன்னு ஒண்ணும் இல்ல, பாதி சம்பளம் 5-ம் தேதிக்குள்ள அட்வான்ஸா, மீதி 15 நாள்லன்னு பேசி வாங்கினவங்க என் கிளையண்ட்டுலயே இருக்காங்க.

இன்னொண்ணு, சின்ன தொழில்களுக்கு மத்திய அரசு குடுக்கற உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் முதல் நாளே போட்டுடுங்க, ஃப்ரீ தான், புரோக்கர் கிட்ட காசு குடுக்காதீங்க. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எழுத்துல அக்ரிமெண்ட் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாதுங்கிறது சட்டம், இழுத்தா பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி, அதுக்கு மேல வருமான வரில 2024-25 அசெஸ்மெண்ட் வருஷத்துல இருந்து அப்படி நிலுவை வெச்ச தொகைய குடுத்த வருஷத்துல தான் கம்பெனி செலவா காட்ட முடியும். அதனால மார்ச் மாசம் வந்தா கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல இருந்தே "உங்க உத்யம் நம்பர் என்ன"ன்னு போன் வரும், நாம கேக்காமலே. ஆக அவங்க கேக்கற அந்த 60 நாளே சட்டத்துக்கு வெளிய இருக்கிற கண்டிஷன். இத மூஞ்சிக்கு நேரா சொன்னா ஆர்டர் போயிடும், எனக்கும் தெரியும், ஆனா 45-க்கு கொண்டு வர்றதுக்கு இது ஒரு பிடி.

சம்பளம் லேட் ஆனா என்ன ஆகும்னு உங்க பக்கத்து மாவட்டத்துலயே பாத்தோம். கோலார் நரசாபுராவுல விஸ்ட்ரான் ஐஃபோன் ஃபேக்டரி, 2020 டிசம்பர். ஆளுங்கள்ல முக்காவாசி பேர் பல ஸ்டாஃபிங் ஏஜென்சி மூலமா வந்தவங்க, சொன்ன சம்பளம் ஒண்ணு, கைக்கு வந்தது ஒண்ணு, ஓவர்டைம் கணக்குல குழப்பம், யார கேக்கறதுன்னு தெரியல, கடைசில ஒரு நாள் ஷிஃப்ட் முடியற நேரத்துல கண்ணாடி, கார் எல்லாத்தையும் உடைச்சு போட்டாங்க. ஆப்பிள் வந்து ஆடிட் பண்ணி, சரி பண்ற வரைக்கும் புது ஆர்டர் கிடையாதுன்னு நிறுத்தி வெச்சது. அதுல இருந்து பெரிய கம்பெனிங்க கான்ட்ராக்டரோட சலானையும் வேஜ் ரெஜிஸ்டரையும் மாசா மாசம் கேட்டு வாங்கறாங்க, பேங்க் டிரான்ஸ்பர் ப்ரூஃப் இல்லாம பில்ல தொடறதில்ல. ஒழுங்கா பண்றவங்களுக்கு இது நல்லது தான், கைல சம்பளம் குடுத்து பாதிய அமுக்கற ஆளோட நீங்க ரேட்ல போட்டி போட வேண்டாம்.

அடுத்தது லேபர் கோடு, பழைய தொழிலாளர் சட்டங்கள ஒண்ணா சேர்த்து மத்திய அரசு கொண்டு வந்த நாலு புது சட்டம். 2025 நவம்பர் 21 அன்னிக்கு நாலு கோடும் அமலுக்கு வந்துச்சு. உங்களுக்கு சம்பந்தப்பட்டத மட்டும் சொல்றேன். பழைய சட்டத்துல 20 கான்ட்ராக்ட் ஆளுங்கன்னாலே லைசென்ஸ், புதுசுல 50. நாப்பது பேர் தானே, லைசென்ஸ் வேண்டாம்னு உடனே சந்தோஷப்படாதீங்க, பெரிய கம்பெனி உள்ள போகணும்னா அவங்க வெண்டார் லிஸ்ட்ல லைசென்ஸ் கேப்பாங்க. கோர் ஆக்டிவிட்டினு சொல்ற முக்கிய உற்பத்தி வேலையில கான்ட்ராக்ட் ஆள் போடறதுக்கு தடை இருக்கு, விதிவிலக்கும் இருக்கு, திடீர்னு வேலை கூடினா போடலாம்ங்கிற மாதிரி. கேன்டீன், செக்யூரிட்டி, லோடிங், ஹவுஸ்கீப்பிங் இதுக்கெல்லாம் தொந்தரவு இல்ல. உங்க நாப்பது பேர் அசெம்பிளி லைன்லயா, லோடிங்லயான்னு நீங்க எழுதவே இல்ல, அது தான் முதல் கேள்வி. அப்புறம், சம்பளத்துல அலவன்ஸ் பாதிக்கு மேல போனா மிச்சத்த வேஜஸ்ல சேர்த்துடுவாங்க, அதனால பேசிக்க கம்மியா காட்டி பிஎஃப் மிச்சம் புடிக்கிற பழைய வித்தைய வெச்சு ரேட் போடாதீங்க. போனஸ், லீவ் சம்பளம், கிராஜுவிட்டி யார் தலையில விழுதுன்னு அக்ரிமெண்ட்ல எழுதி வாங்குங்க. எழுதலன்னா தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடி நாப்பது பேரும் உங்க ஆபிஸ் வாசல்ல தான் நிப்பாங்க, கம்பெனி "அது கான்ட்ராக்டர் மேட்டர்"னு கை கழுவிடும்.

கான்ட்ராக்ட் ஆளுங்க எண்ணிக்கைய இன்னொரு பக்கமும் அரிச்சிட்டு இருக்கு, அப்ரெண்டிஸ். முப்பது பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற கம்பெனி 2.5-ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரெண்டிஸ் வெக்கணும், அவங்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது, அரசாங்கமும் ஸ்டைபெண்ட்ல ஒரு பங்கு குடுக்குது. கம்பெனி என்ன பண்ணும், கான்ட்ராக்ட் சீட்ட எடுத்து அப்ரெண்டிஸுக்கு குடுக்கும். ஃபிக்ஸட் டேர்ம்னு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கம்பெனி நேரடியாவே எடுக்கிற வழியும் இருக்கு. எனக்கு தோணுறது, இன்னும் சில வருஷத்துல சாதாரண ஆபரேட்டர தலைக்கு இவ்வளவுன்னு சப்ளை பண்ற சின்ன கான்ட்ராக்டர் ரொம்ப நெருக்கடில இருப்பாரு, வட்டி கட்டியே காலம் ஓடும்.

சரி, அப்போ எது பண்ணலாம்? ப்ளேஸ்மெண்ட், அதாவது கம்பெனிக்கு ஆள் தேடி குடுத்து ஒரு தடவை ஃபீஸ் வாங்கறது. இங்க தான் உங்க ஏஐ பயத்துக்கும் பதில் இருக்கு. சென்னைல 1992-ல மாஃபாங்கிற ஏஜென்சி ஆரம்பிச்ச காலத்துல ரெஸ்யூம் யார் கைல இருக்கோ அவங்க தான் ராஜா. 1997-ல நௌக்ரி வந்து அந்த ராஜாங்கத்த உடைச்சது, அப்படியும் ஏஜென்சிங்க சாகல, நௌக்ரி லாகின வாங்கி வெச்சுக்கிட்டு அவங்களே தேடி குடுத்தாங்க. இப்போ தேடறதையும் மிஷின் பண்ணுது, அதனால ரெஸ்யூம் ஃபார்வர்டு பண்றத மட்டும் தொழிலா வெச்சிருந்தவங்க முடிஞ்சாங்க, இதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ஒரு வேடிக்கை பாருங்க, ரெஸ்யூமையும் ஏஐ எழுதுது, எல்லா ரெஸ்யூமும் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கு, கம்பெனி எச்ஆருக்கு ஒரு போஸ்ட்டுக்கு ஐநூறு வருது, எதுவும் நம்பற மாதிரி இல்ல.

உங்க ஏரியால பாருங்க. ரெஸ்யூம்ல "சிஎன்சி"ன்னு, அதாவது கம்ப்யூட்டர் கண்ட்ரோல்ல ஓடற மிஷின்ல வேலைன்னு இருக்கும். ஒருத்தன் பட்டன் அமுக்கி பார்ட் மாத்தற பையன், இன்னொருத்தன் டிராயிங் படிச்சு, டூல் ஆஃப்செட் போட்டு, முதல் பீஸ குவாலிட்டில காட்டி அப்ரூவல் வாங்கற செட்டர். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய தான் போடுவாங்க. "கடைசியா என்ன பார்ட் ஓட்டின, டாலரன்ஸ் எவ்வளவு, எதுல செக் பண்ணின, மைக்ரோமீட்டரா ஏர் கேஜா, ஃபானுக் கண்ட்ரோலா சீமென்ஸா"ன்னு போன்ல நாலு கேள்வி கேட்டா ரெண்டு நிமிஷத்துல யாரு என்னன்னு தெரிஞ்சிடும், அந்த நாலு கேள்விய பதினோரு வருஷம் ஷாப் ஃப்ளோர் பக்கத்துல உக்காந்த எச்ஆர் கேப்பாரு, பெங்களூர்ல ஏசி ரூம்ல இருக்கிற ரெக்ரூட்டர் பொண்ணு கேக்க மாட்டா, பாவம் அவ மேல தப்பும் இல்ல. அதோட இந்த ஆளுங்க முக்காவாசி பேர் நௌக்ரிலயே கிடையாது, வாட்ஸப்ல இருக்காங்க, ஐடிஐ செட் குரூப்ல இருக்காங்க, டீ கடைல இருக்காங்க. உங்க சொத்து அந்த போன் புக் தான், எட்டு லட்சம் இல்ல.

காசு கணக்கும் பாருங்க. செட்டருக்கு மாசம் 28,000னா வருஷம் 3,36,000, வழக்கமா வாங்கற 8.33 சதவீதம்னா ஒரு மாச சம்பளம், 28,000. மாசம் ரெண்டு ஜாயினிங் பண்ணினாலே 56,000, சம்பளம் குடுக்க வேண்டிய ஆள் கிடையாது, சலான் கிடையாது, வருஷம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி கூட கட்டாயம் இல்ல. ஆபத்து எங்கன்னா ரிப்ளேஸ்மெண்ட் க்ளாஸ், 60 நாள் 90 நாளுக்குள்ள ஆள் ஓடிட்டா வேற ஆள் ஃப்ரீயா குடுக்கணும். ஃபீஸ திருப்பி குடுக்கறேன்னு மட்டும் ஒத்துக்காதீங்க, ஒரே ஒரு ரிப்ளேஸ்மெண்ட், அதுவும் பில் நேரத்துக்கு கட்டியிருந்தா தான்னு போடுங்க. ஆஃபர் வாங்கிட்டு அந்த ஆஃபர காட்டி பழைய கம்பெனிலயே சம்பளத்த ஏத்திக்கிறவன் நிறைய, அதனால நோட்டீஸ் பீரியட் முழுக்க வாரத்துக்கு ஒரு போன், வீட்ல பேசுனியா, ரூம் பாத்துட்டியான்னு. இது தான் இந்த தொழில்ல நிஜமான வேலை. வேலை தேடி வர்ற பசங்க கிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்னு அம்பது ரூபா கூட வாங்காதீங்க, ஓசூர் மாதிரி ஊர்ல பேர் கெட ஒரு வாரம் போதும், போலீஸ் கம்ப்ளைண்ட்டும் அங்க இருந்து தான் ஆரம்பிக்கும்.

விளம்பரம் போடறதுலயும் வாய அடக்கணும். 2024-ல ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர் யூனிட்ல கல்யாணமான பொண்ணுங்கள எடுக்கறதில்லன்னு ராய்ட்டர்ஸ்ல செய்தி வந்து, மத்திய அரசு ரிப்போர்ட் கேக்கற அளவுக்கு போச்சு, அதுல ஆள் எடுத்து குடுத்த ஏஜென்சிங்களோட விளம்பரமும் சேர்ந்து சந்திக்கு வந்தது. "18-28, அன்மேரீட், லேடீஸ் ஒன்லி"ன்னு கம்பெனி வாய்மொழியா சொன்னாலும் போஸ்டர்ல இருக்கறது உங்க போன் நம்பர்.

கல்ஃப் யோசனைய இன்னிக்கே விட்டுடுங்க. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1983 எமிக்ரேஷன் சட்டத்துல ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட் வேணும், வழக்கமான லைசென்ஸுக்கு பேங்க் கேரண்டி மட்டுமே 50 லட்சம். போற ஆள் கிட்ட அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான் வாங்கலாம். உங்க ஃப்ரெண்ட் லைசென்ஸ் இருக்கிற யாருக்கோ சப் ஏஜெண்ட்டா இருக்கலாம்ங்கிறாரு, நான் நெனைக்கறது சரின்னா, சப் ஏஜெண்ட்டுன்னு ஒண்ணு அந்த சட்டத்துலயே கிடையாது. 2022-ல இருந்து மியான்மர், கம்போடியா ஆன்லைன் மோசடி கேம்ப்ல நம்ம பசங்க மாட்டினப்போ போலீஸ் முதல்ல கதவ தட்டினது உள்ளூர் ஏஜெண்ட் வீட்ட தான். யாராவது வெளிநாட்டு வேலை கேட்டு வந்தா தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் பக்கம் கை காட்டுங்க, புண்ணியமாவது கிடைக்கும்.

வடநாட்டு ஆளுங்கள கொண்டு வந்து இறக்கலாம்னு அடுத்து உங்களுக்கே தோணும். பண்ணலாம், ஆனா ஹோலிக்கும் சட் பூஜைக்கும் மொத்த லைனும் காலியாகும், 2023 மார்ச்ல வடநாட்டு ஆளுங்கள இங்க அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ நாலு பரவினதுக்கே கூட்டமா ரயில் ஏறினாங்க. அதோட புது ஆளுக்கு பிஎஃப் நம்பர் எடுக்க 2025 ஆகஸ்ட்ல இருந்து உமங் ஆப்ல மூஞ்ச ஸ்கேன் பண்ணணும், ஆதார்ல பேரு ஒண்ணு, பேங்க்ல ஒண்ணு, போன்ல நெட் இல்ல, கேட் வாசல்ல வெயில்ல நின்னுக்கிட்டு கண்ண சிமிட்டு சிமிட்டுனு ஹிந்தில சொல்லிட்டு இருக்கணும். இது எல்லாம் நாப்பது பேர் எடுத்தா உங்க தலையில தான்.

வேலைய இப்போதைக்கு விடாதீங்க. ஆனா வேலைல இருந்துக்கிட்டே உங்க கம்பெனி ஆளையே வேற கம்பெனிக்கு தள்ளற வேலையும் வேண்டாம், அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர்ல என்ன எழுதியிருக்குன்னு எடுத்து படிங்க. ரெண்டு கம்பெனி எழுத்துல ப்ளேஸ்மெண்ட் அக்ரிமெண்ட் குடுக்கட்டும், ஆறு மாச வீட்டு செலவ அந்த எட்டு லட்சத்துல தனியா ஒதுக்கி வைங்க, அதுக்கப்புறம் நோட்டீஸ் குடுங்க. நாப்பது பேர் கம்பெனிய வேண்டாம்னு சொல்லாதீங்க, கலெக்ட் அண்ட் பேக்கு ஒத்துக்கிட்டா பத்து பேர்ல ஆரம்பிக்கலாம்னு சொல்லி பாருங்க, இல்லன்னா அவங்களுக்கு சூப்பர்வைசர், செட்டர் தேடி குடுக்கறேன்னு கேளுங்க. நகைய பீரோலயே இருக்க விடுங்க, இதுல நான் பேரம் பேச மாட்டேன்.

பேர் பத்தி கேட்டிருந்தீங்க. சொல்யூஷன்ஸோ, அசோசியேட்ஸோ, குலதெய்வம் பேரோ, எதுவா இருந்தாலும் சரி. கரண்ட் அக்கவுண்ட், உத்யம், பின்னால எடுக்கப் போற ஜிஎஸ்டி மூணுலயும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும், ஒரு எழுத்து மாறினாலும் வெண்டார் கோட் குடுக்க ஒரு மாசம் அலைய விடுவாங்க. அக்ரிமெண்ட் டிராஃப்ட் வந்ததும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேமெண்ட் பக்கத்தையும் ரிப்ளேஸ்மெண்ட் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்க.